சுவர் பார்த்து உட்காருதல்: உங்கள் ஊரில் ஒரு ஜென் அமர்வு தொடங்க

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில், பழனி ரோடு வந்து சேரும் பெருமாள்மலைக்குப் பக்கத்து ஊர். கடைக்கு மேலே தகரம் வேய்ந்த ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஏழு பேர், சில வாரம் ஒன்பது பேர் கூடுகிறோம். பேச்சில்லை, பாட்டில்லை. ஜென் என்னும் புத்த மரபின் தியான முறைப்படி, சுவரைப் பார்த்து 25 நிமிடம் அசையாமல் உட்காருகிறோம். 5 நிமிடம் நடக்கிறோம். திரும்பவும் 25 நிமிடம். அப்புறம் ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காப்பி. பூசைக்குப் போகிறவர்கள் பூசைக்குப் போகிறார்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள் தோட்டத்துக்கு.

பண்ணைக்காட்டிலிருந்து வரும் ஒரு தம்பி, "எங்க ஊர்லயும் நாலு பேரை வச்சு ஆரம்பிக்கணும்க்கா. எப்படின்னு எழுதிக் குடுங்க" என்று இரண்டு மாதமாகக் கேட்கிறார். அவருக்காக எழுத உட்கார்ந்தேன், மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில், எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற தியான மையம் இருக்கிறது. ஏசு சபைக் குருவானவர் அருள் மரிய ஆரோக்கியசாமி 1996இல் தொடங்கியது. அமா சாமி என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவர் ஜப்பானில் காமகுரா என்ற ஊரில் யமதா கோஉன் என்னும் ஆசானிடம் பயின்றவர். அந்த யமதா கோஉன் துறவி கிடையாது. குடும்பம் நடத்திக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டே ஜென் கற்றுக்கொடுத்தவர். இதைக் கேள்விப்பட்ட அன்றுதான், ரவிக்கை தைத்துப் பிழைக்கும் நமக்கும் இது ஆகும் என்ற தைரியம் எனக்கு வந்தது. நான் குரு இல்லை. உட்காரும் இடத்தைப் பெருக்கி, மணி அடிக்கத் தெரிந்தவள். வாரம் ஒருமுறை கூடுவதற்கு அந்த அளவு தெரிந்தால் போதும்.

ஏன் கூடி உட்கார வேண்டும்? வீட்டில் தனியாக உட்கார்ந்தபோது பத்தாவது நிமிடம் எழுந்துவிடுவேன். குக்கர் விசில், வாசலில் யாரோ, ஒன்றுமில்லை என்றால் முதுகில் ஓர் அரிப்பு. நாலு பேரோடு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. வெட்கத்தால்தான் அடங்கி இருக்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த தாத்தா, முட்டி வலியோடு மூச்சை மெல்ல விட்டு விட்டு அந்த 25 நிமிடத்தையும் கடந்தது காதில் விழுந்தது. அவர் அசையாமல் இருந்தது என்னைத் தாங்கியது. நான் அசைந்திருந்தால் அவரும் அசைந்திருப்பார். கூட்டத்தில் ஒருவர் மற்றவருக்குச் செய்ய வேண்டிய உதவி அவ்வளவுதான். கீழே நான் சொல்லப்போகும் சின்னச் சின்ன ஒழுங்கெல்லாம் இதற்காகத்தான்.

திண்டு

என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சம்மணம் போடுவது நமக்குப் பிறவியிலேயே வரும். பந்தியில் உட்கார்ந்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் "எனக்குத் திண்டெல்லாம் வேணாம்க்கா, வெறுந்தரையே பழக்கம்" என்று புதிதாக வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். சாப்பிட உட்காரும் சம்மணத்தில் முட்டி இரண்டும் தரையைவிட்டுத் தூக்கி நிற்கும், இடுப்பு பின்பக்கம் சாயும், முதுகு வளையும். இலையை நோக்கிக் குனிவதற்கு அது சரி. அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க அது உதவாது. ஜென் உட்காரலில் உட்காரும் எலும்பு மேலேயும் முட்டி இரண்டும் கீழேயும் இருக்க வேண்டும். முட்டி, முட்டி, உட்காருமிடம் என்று முக்காலி மாதிரி மூன்று இடத்தில் பாரம் இறங்கினால் முதுகு தானாக நிமிரும். பிடித்து நிறுத்த வேண்டியதில்லை. திண்டு அதற்குத்தான்.

தைக்கும் அளவு இது. வட்டமாக 11 அங்குல விட்டத்தில் இரண்டு துண்டு. பக்கவாட்டுக்கு 60 அங்குல நீளம், 8 அங்குல அகலத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டையில் 12 மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் 2 அங்குலத் துணியை வாங்கும். மடித்த பின் 36 அங்குலம் மிஞ்சும். சுற்றளவுக்கு 31½ அங்குலம் போதும், அரை அங்குலத் தையல் விட்டது போக. மீதி நாலரை அங்குலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தைக்காமல் விடுங்கள். அதுதான் பஞ்சை அடைக்கவும் எடுக்கவும் வாய். தடித்த காடாத் துணி நல்லது. நிறம் கறுப்போ கருநீலமோ; பூப்போட்ட துணி வேண்டாம், அறையில் கண்ணை இழுக்கும்.

உள்ளே இலவம்பஞ்சுதான். ஜப்பானிலும் இதற்கு இலவம்பஞ்சைத்தான் அடைக்கிறார்கள். நமக்கு போடி பக்கமிருந்து வருகிறது, மெத்தைக் கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு திண்டுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல், விரலால் குத்திக் குத்தி ஓரத்திலிருந்து இறுக்கமாக அடைக்க வேண்டும். ஸ்பாஞ்சு போட்டால் உடம்பு அமுங்கி இப்படியும் அப்படியும் ஆடும். பழைய துணியை அடைத்தால் ஒரு மாதத்தில் கட்டி தட்டிவிடும். புதுத் திண்டு 7 அங்குலம் உயரம் நிற்கும், உட்கார்ந்தால் 5 அங்குலத்துக்கு அமுங்கும். குட்டையானவர்களுக்குக் கொஞ்சம் பஞ்சை எடுத்துவிடலாம்.

திண்டுக்குக் கீழே முட்டிக்கும் கணுக்காலுக்கும் மெத்தென்று ஒரு விரிப்பு, இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. நம் மலைக் குளிரில் சிமெண்டுத் தரை எலும்பு வரைக்கும் ஏறும். கோரைப்பாய் போட்டு, அதன்மேல் கம்பளியை நாலாக மடித்துப் போட்டால் செலவே இல்லை. தைக்க முடியாதவர்கள் திண்டுக்குப் பதிலாகவும் இரண்டு கம்பளியை இறுக்கமாகச் சுருட்டிக்கொள்ளலாம். முட்டி மடங்காதவர்களுக்கு நாற்காலி. அதிலும் முதுகைச் சாய்க்காமல், முன்பாதியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். நாற்காலியில் உட்காருவது குறைந்த உட்காரல் என்று யாரும் நினைக்க விடாதீர்கள். எங்கள் அறையில் இரண்டு நாற்காலி வரிசைக்குள்ளேயே இருக்கிறது, தனியாக ஒதுக்கிப் போடவில்லை.

அறையும் நேரமும்

அறையில் சாமான் இருக்கக் கூடாது. நான் துணி மூட்டைகளைச் சனிக்கிழமை இரவே கீழே இறக்கிவிடுவேன். திண்டுகளைச் சுவரோரமாக இரண்டு வரிசை, ஆளுக்கு ஆள் மூன்றடி இடைவெளி. சுவரைப் பார்த்து உட்காருவது ஜென்னில் சோத்தோ என்ற பிரிவின் வழக்கம். ரின்ஸாய் என்ற இன்னொரு பிரிவில் எதிரெதிர் பார்த்து உட்காருவார்கள். புதியவர்களுக்குச் சுவர்தான் நல்லது. எதிரே முகம் இருந்தால் கண் அங்கேயே போகும். ஜென் மரபின் முதல் ஆசான் போதிதர்மர் ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய சீன நூல் சொல்கிறது. காஞ்சிபுரத்துக்காரர் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தியானம் என்ற சொல்தான் சீனாவில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "அப்ப நம்ம சரக்குத்தான் திரும்பி வந்திருக்கு" என்று திண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஊதுபத்தி ஒன்றுக்கு மேல் வேண்டாம். வீசிங் உள்ளவர் இருந்தால் அதுவும் வேண்டாம். ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், கதவை ஒருக்களித்து வையுங்கள்.

நேரம் குறிக்கும்போது ஊரைப் பாருங்கள். நாங்கள் முதலில் மாலை ஆறரைக்கு வைத்தோம். முடிந்து இறங்கும்போது காட்டுமாடு ரோட்டில் நிற்கும். பொம்பளைப் பிள்ளைகள் இருட்டில் டார்ச்சோடு நடுங்கி நடுங்கிப் போனார்கள். காலை ஆறரைக்கு மாற்றினோம். மார்கழி, தையில் மட்டும் ஏழு. குறித்த நேரத்துக்கு மணி அடித்துவிட வேண்டும், யாருக்கும் காத்திருக்கக் கூடாது. பிந்தி வருபவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்து, நடக்கும் நேரத்தில் உள்ளே சேர்ந்துகொள்ளலாம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மினி பஸ் பிந்திவிட்டது என்று வருந்தி வருபவரிடம் கோபம் எதற்கு? ஆனால் உட்கார்ந்துவிட்ட ஆறு பேருக்கு நடுவில் அவர் கால் மாற்றி உட்காரும் சத்தம், ஆறு பேரையும் முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

மணி

சாமி மணி கீச்சென்று கேட்கும், உடனே அடங்கிவிடும். எங்களிடம் இருப்பது என் அப்பாயி பழைய சோறு சாப்பிட்ட வெண்கலக் கும்பா. துணியைச் சுருமாடு மாதிரி சுற்றி, அதன்மேல் கும்பாவை வைத்து, மத்துக் காம்பால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தட்டினால் நாதம் வெகு நேரம் நிற்கும். தரையில் நேராக வைத்தால் செத்துப்போகும். தொடங்க மூன்று, நடக்க எழுவதற்கு இரண்டு, முடிவுக்கு ஒன்று. ஒரு நாதம் முழுசாக அடங்கிய பிறகே அடுத்தது. செல்போனில் ஒலி வைப்பதைவிட ஆள் அடிப்பது நல்லது. ஒருவர் எல்லோருக்காகவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் மற்றவர்கள் நேரத்தை மறந்துவிடலாம். அந்த வேலையை வாரம் ஒருவர் மாற்றிச் செய்யுங்கள். செய்பவர் 25 நிமிடம் என்றால் 25 நிமிடம்தான் அடிக்க வேண்டும். இன்று எல்லோரும் நன்றாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று இரண்டு நிமிடம் கூட்டினால் நம்பிக்கை போய்விடும்.

உட்காரும் விதம்

திண்டுக்கு முன் வந்து நின்று ஒரு கும்பிடு, பக்கத்து ஆட்களுக்காக. திரும்பி நின்று அறைக்கு ஒரு கும்பிடு. பிற நாட்டுக்காரர்களுக்கு இதைப் பழக்க வேண்டியிருக்கும், நமக்கு வேண்டியதில்லை. கும்பிடுவது எந்தச் சாமியை என்று கேட்ட ஒரு பாய் வீட்டுப் பையனிடம், "பக்கத்துல உட்கார்றவரைத்தான் தம்பி. விருப்பமில்லன்னா தலைய மட்டும் அசைங்க" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை அசைக்கிறார். யாருக்கும் அதில் குறையில்லை.

திண்டின் முன்பாதியில் உட்காருங்கள், நடுவில் ஏறி உட்கார வேண்டாம். பத்மாசனம் வருபவர் அதில் இருக்கலாம். ஒரு காலை மட்டும் தொடைமேல் வைப்பது அரைப் பத்மாசனம். எங்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு காலையும் தரையில் ஒன்றன்முன் ஒன்றாகப் படுக்க வைத்துத்தான் உட்காருகிறோம். எதுவானாலும் முட்டி தரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் முட்டிக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள்.

ஜப்பானியத் துறவி டோகென் 1227இல் எழுதிய குறிப்பில் ஓர் அளவு இருக்கிறது. காதும் தோளும் ஒரு நேர், மூக்கும் தொப்புளும் ஒரு நேர். சட்டைக்கு நேர் பார்க்கிற எனக்கு அது உடனே பிடிபட்டது. உச்சந்தலையில் நூல் கட்டி மேலே இழுத்த மாதிரி நிமிர்ந்து, தாடையை ஒரு பொட்டு உள்ளே வாங்குங்கள். தொடங்கும் முன் உடம்பை இடமும் வலமுமாக மூன்று நான்கு தடவை ஆட்டி, ஆட்டத்தைக் குறைத்துக் குறைத்து நடுவில் நிறுத்துங்கள். வாய் மூடி, நாக்கு மேலண்ணத்தில் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கட்டும். கண்ணை மூடாதீர்கள். பாதி திறந்த கண், மூன்றடி தள்ளிக் கீழே சாய்ந்த பார்வை. கண்ணை மூடினால் முதலில் சுகமாக இருக்கும்; பிறகு கனவு வரும், அப்புறம் தூக்கம்.

வலக்கைமேல் இடக்கை, இரண்டு உள்ளங்கையும் மேல்நோக்கி, மடியில். கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு முட்டை வைக்கலாம் போல இடம் இருக்கும். இந்தக் கட்டைவிரலைப் போல உண்மை சொல்லும் சாட்சி வேறில்லை. விரல் சரிந்தால் தூங்குகிறீர்கள், கூம்பி நின்றால் முறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

மனசுக்கு வேலை: மூச்சு வெளியே போகும்போது உள்ளுக்குள் "ஒன்னு" என்று நீட்டிச் சொல்லுங்கள். அடுத்தது "ரெண்டு". பத்து வரை போய் திரும்ப ஒன்று. மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், வருகிறபடி வரட்டும். நாலாவது எண்ணில் சீட்டுப் பணம் ஞாபகம் வரும். பதினேழு வரை எண்ணிக்கொண்டே போயிருப்பீர்கள். தெரிந்த அந்த நொடியே ஒன்றுக்கு வாருங்கள். திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முதல் ஆறு மாதத்தில் நான் பத்தைத் தொட்ட ஞாயிறுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒன்றுக்குத் திரும்புவதுதான் பயிற்சியே.

கோஆன் பற்றிக் கேட்பார்கள். ஆசான் சீடருக்குக் கொடுக்கும், யோசித்து விடை காண முடியாத கேள்வி அது. நாய்க்குப் புத்தத்தன்மை உண்டா என்ற கேள்வி, "மூ" (இல்லை) என்ற பதில், அந்த மாதிரி. அதை ஆசானிடம் நேரில் வாங்கி, நேரில் போய்ப் பதில் வைக்க வேண்டும். நாமாக எடுத்து வைத்துக்கொண்டால் விடுகதை விளையாட்டாகிவிடும். ஆசான் இல்லாத ஊர்க்கூட்டத்துக்கு மூச்செண்ணுவது போதும். தூங்குபவரின் தோளில் தட்டும் கோலும் அப்படித்தான். பழகிய மடங்களில் அதற்கு முறை இருக்கிறது. நம் அறையில் யாரும் யாரையும் தட்டக் கூடாது.

ஜீப் ஓட்டும் தம்பி முதல் நாள் முடிந்ததும் கேட்டது: "அக்கா, எச்சில் முழுங்கலாமாக்கா? எனக்குக் கிணத்துல கல்லு விழுந்த மாதிரி கேட்டுச்சு." முழுங்கலாம். இருமல் வந்தால் இருமலாம். அரிப்பு வந்தால் மூன்று மூச்சு பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். கால் மரத்தால் பயமில்லை. ஆனால் முட்டிக்குள் குத்துகிற வலியைப் பொறுக்கக் கூடாது. கும்பிட்டு, சத்தமில்லாமல் காலை மாற்றி, திரும்பக் கும்பிட்டு உட்காருங்கள்.

நடை

இரண்டு மணி கேட்டதும் குதித்து எழாதீர்கள். இதைப் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மரத்துப்போன காலை ஊன்றி எழுந்து, பாதம் மடங்கி, கணுக்கால் பிசகி மூன்று வாரம் மெஷின் பெடலை மிதிக்க முடியாமல் கிடந்தவள் நான். கல்யாண சீசன் அது. கையால் காலைப் பிரித்து நீட்டி, விரலை அசைத்துப் பார்த்து, உணர்வு திரும்பிய பிறகு சுவரைப் பிடித்து எழுங்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

கை ஒன்றை முஷ்டியாக்கி நெஞ்சுக்குழியில் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொள்ளுங்கள். வலச்சுற்றாக வரிசையில் நடை. ஒரு மூச்சுக்கு அரை அடி வைப்பது ஒரு வழக்கம், விறுவிறுவென்று நடப்பது இன்னொன்று. குளிர் நாளில் நாங்கள் விறுவிறுப்பாகத்தான் நடக்கிறோம், ரத்தம் ஓட வேண்டுமே. முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை மாற்றாமல் பாருங்கள். சாக்ஸோடு நடந்தால் மொசைக் தரை வழுக்கும். பாத்ரூம் போக வேண்டியவர் இந்த நேரத்தில் கும்பிட்டு விலகிப் போய் வரலாம். உட்காரலில் கிடைத்த அமைதியைக் கலைக்காமல் நடையில் கொண்டுவருவதுதான் எனக்கு இன்னமும் கடினமாக இருப்பது. எண்ணை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனிக்கிறேன்.

முடிந்த பிறகு

கடைசி மணியோசைக்குப் பின் கும்பிட்டு, அவரவர் திண்டைத் தட்டி வட்டத்துக்குக் கொண்டுவந்து, விரிப்பில் பஞ்சுத் தூசி இருந்தால் கையால் துடைத்துவிட்டு இறங்குங்கள். காப்பி குடிக்கும்போது ஊர்ப் பேச்சு பேசலாம். "எனக்கு இன்னிக்கு வெளிச்சம் தெரிஞ்சுச்சு", "எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்று ஒப்பிடும் பேச்சு வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் புதியவர் அடுத்த வாரம் அதைத் தேடிக்கொண்டு உட்காருவார். ஒருவர் உட்கார்ந்த விதத்தை இன்னொருவர் திருத்துவதும் வேண்டாம்; கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்ணாக இருங்கள். உட்கார்ந்தால் பழைய துக்கம் பொங்குவது உண்டு. அழுதால் அழட்டும், யாரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாம். ஆனால் ஒருவர் படபடத்து நடுங்கினால், அல்லது நாள் கணக்கில் தூக்கமில்லை என்று சொன்னால், உட்காரலை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவர் கூடவே வெளியே போய் வெயிலில் நிற்கட்டும், அப்புறம் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும், மருந்தை நிறுத்திவிட்டு வரக் கூடாது. தியானம் மருந்துக்கு மாற்று என்று உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.

பணம் வாங்க வேண்டாம். பால், சுக்கு, கருப்பட்டி முறை வைத்துக் கொண்டுவரலாம். நன்றாகப் பழகியவர்கள் ஏதாவது ஒரு மையத்தில் போய் நாலைந்து நாள் முழுநேர அமர்வில் இருந்து வாருங்கள். ஆசானிடம் கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள்.

ஐப்பசி மழையில் கூட்டம் குறையும். போன வருடம் ஒரு ஞாயிறு ரோட்டில் மரம் விழுந்து, பண்ணைக்காட்டுத் தம்பியாலும் வர முடியவில்லை. ரிட்டயர்டு தபால்கார அண்ணனும் நானும் மட்டும். தகரத்தில் மழை, கும்பாச் சத்தமே கேட்காது போலிருந்தது. "இன்னிக்கு விட்டுறலாமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அவருடைய திண்டைத் தட்டி, இடத்தில் போட்டார். நான் மூன்று அடித்தேன், கொஞ்சம் ஓங்கி.

மழைக்காலம் முடிந்ததும் பஞ்சை வெளியே எடுத்து, கையால் பிய்த்து உதறி, இரண்டு நாள் வெயில் காட்டி அடையுங்கள். காற்றில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். இலவம்பஞ்சு ஒரு ஊதலுக்குப் பறந்துவிடும்.